யாருக்கும் யாருக்கும் நியாயம்?

ஆனேக்கல் பகுதியிலிருந்து காலநிலை நீதிக்கான பேரணி ஒன்றை நடத்தலாம் என்று நண்பர்கள் சிலர் எண்ணியிருக்கிறார்கள். அதற்கு அழைக்கத்தக்க உள்ளூர் அமைப்புகளின் பட்டியலை என்னிடம் கேட்டு இரண்டு வாரங்கள் ஆகின்றன. விவசாயச் சங்கங்கள், ஆயத்த ஆடைத் தொழிலாளர் சங்கங்கள், தலித் அமைப்புகள், ஏரிப் பாதுகாப்புக் குழுக்கள், மகளிர் குழுக்கள், கன்னட அமைப்புகள், எல்லைக்கு அப்பால் ஓசூர்ப் பக்கத்து விவசாயிகள். பெயர் ஒரு பக்கம், தொலைபேசி எண் மறுபக்கம், அவ்வளவு போதும் என்றார்கள். அரை மணி நேர வேலைதான். இன்றுவரை அதை அனுப்ப என் கை எழவில்லை. காரணத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய பட்டியல் ஒன்றை நான் முன்பே ஒருமுறை தயாரித்திருக்கிறேன். 2019 செப்டம்பரில், உலகெங்கும் காலநிலை வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்ட வாரம் அது. செப்டம்பர் 20, 27 ஆகிய இரண்டு வெள்ளிக்கிழமைகளை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். பெங்களூரிலும் வந்தார்கள். ஆய்வுப் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். சந்தாபுரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கன்னடமும் தமிழும் அறிந்தவன், ஓசூர்க்காரன், அந்தப் பக்கத்திலேயே குடியிருப்பவன் என்பதால், ஆனேக்கல் வட்டத்து அமைப்புகளை அழைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இரண்டு பக்க அறிக்கையைக் கன்னடத்திலும் தமிழிலும் பெயர்த்து, படியெடுத்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு பத்து நாட்கள் சுற்றினேன்.

முதலில் போனது முத்தாநல்லூர் ஏரிக்கரையை அடுத்த ஒரு தேநீர்க்கடைக்கு. பச்சைத் துண்டு போட்ட முதியவர் ஒருவர் என் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தலைப்பை மட்டும் இரண்டு முறை படித்தார். "ஹவாமான நியாய" என்று அதில் இருந்தது. கன்னடத்தில் கேட்டார், தமிழில் தருகிறேன்.

"நியாயம்னு போட்டிருக்கியே தம்பி, நியாயம்னா ரெண்டு கட்சி வேணும். இது யாருக்கும் யாருக்கும் நியாயம்?"

"எல்லாருக்கும்தான் ஐயா, உலகத்துக்கே" என்றேன்.

"எதிர்க்கட்சி இல்லாம நடக்கறதுக்குப் பேரு நியாயம் இல்லப்பா. அது சாந்தி பூஜை."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் வெட்கமாக இருந்தது. நான் பெயர்த்த அறிக்கை முழுவதும் 'நாம்' என்ற சொல்லால் ஆனது. நாம் பூமியைச் சூடாக்கிவிட்டோம், நாம் மாற வேண்டும், நம் பிள்ளைகளுக்கு நாம் என்ன விட்டுச்செல்லப் போகிறோம். ஓர் அமெரிக்கர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவை வெளியேற்றுகிறார். ஓர் இந்தியர் 2 டன் அளவில். அந்த இந்தியச் சராசரிக்குள்ளும் பொம்மசந்திராவின் குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவர் இருக்கிறார், அலுவலகத்தின் பின்சுவரை ஒட்டித் தகரம் வேய்ந்த ஒற்றை அறையில் நான்கு பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா இளைஞரும் இருக்கிறார். இவர்கள் அத்தனை பேரையும் ஒரே 'நாம்' என்பதற்குள் திணித்துவிட்டுத் தலைப்பில் மட்டும் நீதி என்று எழுதியிருந்தோம். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பழகிய ஒருவருக்கு அந்தத் தாளில் இருந்த ஓட்டை ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

அவர் வழக்கு என்னவென்று அந்தக் கரையில் நின்றாலே தெரியும். பொம்மசந்திரா, ஹெப்பகோடி பக்கத்துக் கழிவு சந்தாபுரம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து முத்தாநல்லூர், பிதரகுப்பே என ஏரி ஏரியாக இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. பெங்களூரின் கிழக்குப் பகுதிச் சாக்கடை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக அதே ஆற்றுக்கு வருகிறது. எல்லை தாண்டியதும் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவது இந்த நீர்தான். சந்தாபுரம் ஏரிக்கு நேர்ந்த கேட்டிற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இடைக்கால இழப்பீடு அளிக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் ஆணையிட்டது. நான் தேநீர்க்கடைக்குப் போனது அதற்கு மூன்றாண்டுகள் முன்பு. வழக்கு என்றால் வாதி, பிரதிவாதி, இழப்பீடு என்று வரும் என்பதைத் தீர்ப்பாயத்துக்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

இது காலநிலைப் பிரச்சினையா, வெறும் மாசுப் பிரச்சினையா என்று ஆய்வாளர்கள் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்ட வட்டம் ஆனேக்கல். மழை தவறும் ஆண்டில் ஏரி நீரை நம்பலாம் என்றால் அது நஞ்சாக இருக்கிறது. மழை ஒரே இரவில் கொட்டும் ஆண்டில் அந்த நஞ்சு வயலுக்குள் வருகிறது. வறட்சியும் வெள்ளமும் கூடக்கூடப் பழைய அநீதிகளின் கூர்மையும் கூடுகிறது என்பதே என் வாசிப்பு. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் சர்ஜாபுரம் சாலையின் சொகுசுக் குடியிருப்புகளிலிருந்து கணினிப் பொறியாளர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போன படங்கள் உலகமெல்லாம் சுற்றின. டிராக்டர்கள் யாருடையவை என்று எந்தப் படத்தின் கீழும் எழுதியிருக்கவில்லை.

அடுத்துப் போனது ஹெப்பகோடிக்கு. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து ஆண்டுகளாகத் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் அக்கா ஒருவரை, ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் வீட்டு வாசலில் பார்த்தேன். தமிழ்த் தாளைக் கொடுத்தேன். அவர் கடைசிப் பத்தியைத்தான் முதலில் பார்த்தார். நாள் எப்போது என்று அறிவதற்காக.

"ஏன் தம்பி, வெள்ளிக்கிழமை வெச்சிருக்கீங்க?"

உலகம் முழுவதும் வெள்ளிக்கிழமைதான் அக்கா, ஸ்வீடன் நாட்டில் ஒரு பெண் வெள்ளிதோறும் பள்ளிக்குப் போகாமல் போராடுகிறாள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுது. நான் போட்டா ஒரு நாள் சம்பளம் போவும், அட்டெண்டன்ஸ் போனஸும் போவும். உங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஆவாதா?"

ஆகும்தான். ஆனால் ஆகுமா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நாள் குறித்து, இடம் குறித்து, முழக்கம் எழுதி, பதாகை அச்சிட்ட பிறகே அழைப்பிதழ் அவர் வாசலுக்கு வந்தது. வேலைநிறுத்தம் என்ற சொல்லைத் தொழிலாளர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அதைத் தொழிலாளர்கள் வரமுடியாத நாளில் வைத்தோம்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவரிடம் போய்த் தெருவுக்கு வாருங்கள் என்று சொன்ன எனக்கு, ஆனேக்கல் வட்டம் அண்மைக் காலத்தில் கண்ட மிகப் பெரிய தெருப் போராட்டத்தை நடத்தியவர்கள் அவரைப் போன்ற பெண்களே என்பது அன்றைக்கு முழுதாக விளங்கியிருக்கவில்லை. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு வைப்பு நிதி விதியை மாற்றியது. முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன்பு எடுக்க முடியாது என்றது. நாற்பது வயதுக்குள் கண்ணும் இடுப்பும் போய் வேலையை விட நேர்கிற பெண்களுக்கு அது கையில் கிடைக்கும் ஒரே சேமிப்பு. மகளின் திருமணம், ஊரில் ஒரு வீடு, கடன் எல்லாம் அந்தப் பணத்தை நம்பியவை. ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் ஆடைத் தொழிலாளர்கள் ஓசூர் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாள் ஹெப்பகோடி உட்பட நகரின் பல இடங்களுக்கு அது பரவியது. எந்தத் தலைவரும் அழைக்கவில்லை, எந்தச் சங்கமும் நாள் குறிக்கவில்லை. தடியடி, கண்ணீர்ப்புகை, எரிந்த வாகனங்கள், கைதுகள் எல்லாம் நடந்தன. ஏப்ரல் 19 அன்றே அரசு புதிய விதியைத் திரும்பப் பெற்றது. நாடு முழுவதற்குமான ஒரு விதியை இரண்டு நாட்களில் விழ வைத்தவர்கள் அவர்கள்.

அதே ஏப்ரலின் கடைசி வாரத்தில் பெங்களூரின் வெப்பம் 39.2 பாகையைத் தொட்டது. நகரின் வானிலைப் பதிவேட்டில் அதற்கு மேல் எண் இல்லை. இரண்டையும் நான் தனித்தனி அத்தியாயங்களில் படித்திருந்தேன்: ஒன்று தொழிலாளர் வரலாறு, மற்றது காலநிலைத் தரவு. அக்காவிடம் அவை ஒரே மாதத்தின் நினைவாக இருந்தன. அந்த மாதம் தறுதலை வெயில், தகர ஷீட்டின் கீழே இஸ்திரிப் பெட்டியின் ஆவி, மயங்கி விழுந்தவளைத் தூக்கிப்போய்க் காற்றாட உட்கார வைத்தது, அந்த நேரத்துக்கும் டார்கெட் குறையாதது, அதன் மேல் இந்தப் பி.எஃப். சேதி. "அந்தச் சூட்டுல யாருக்குத்தான் கோவம் வராது" என்றார். இதை ஆய்வுக் கட்டுரையில் காரண காரியமாக எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். ஆனால் என் அறிக்கையில் துருவக் கரடி இருந்தது. இஸ்திரிப் பெட்டி இல்லை.

விவசாயச் சங்கத்துக்காரர்களிடமும் இதே கதைதான், சற்று வேறு வடிவில். உலகப் பேரணியைப் பற்றி நான் சொல்லச் சொல்ல ஒருவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எங்க ஆளுங்க ஜெர்மனி வரைக்கும் போய் ஜாத்தா நடத்தினவங்க, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. அறைக்கு வந்து தேடிப் படித்தேன். 1999இல் கண்டங்களிடைப் பயணம் என்ற பெயரில் நானூறுக்கும் மேற்பட்ட இந்திய விவசாயிகள் ஐரோப்பா முழுதும் பேருந்துகளில் சுற்றி, உலக வணிக அமைப்புக்கும் விதை நிறுவனங்களுக்கும் எதிராக ஊர்வலம் போயிருக்கிறார்கள். எம்.டி. நஞ்சுண்டசாமியின் கர்நாடக ராஜ்ய ரைத சங்கம் அதில் முன்னணியில் இருந்தது. 2002 அக்டோபரில் ஐ.நா. காலநிலை மாநாடு புதுதில்லியில் கூடியபோது, அதே நகரில் மீனவரும் விவசாயிகளும் பழங்குடியினரும் தங்கள் மாநாட்டைத் தனியே கூட்டி, ஊர்வலம் சென்று, காலநிலை நீதிக்கான பிரகடனம் ஒன்றையும் வெளியிட்டார்கள். அக்கா சொன்ன 'அந்தப் பொண்ணு' பிறப்பதற்கு முந்தைய ஆண்டு அது. இந்தச் சொல்லை நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதாக நினைத்திருந்தோம். நெடுநாளாக அவர்கள் கையில் இருந்ததை எங்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி, என் தவறுக்கு வருகிறேன். பத்து நாட்களில் பதினோர் அமைப்புகளைச் சந்தித்தேன். யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நம் ஊரில் யார்தான் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்வார்கள்? "பார்க்கலாம்", "நல்ல காரியம்", "பிள்ளைங்க செய்யுங்க" என்றார்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்கள். பதினோரு பெயர்களையும் 'ஆதரவு தெரிவித்துள்ள அமைப்புகள்' என்ற தலைப்பின் கீழ் எழுதி அனுப்பினேன். அது அப்படியே வெளியாயிற்று. பேரணிக்கு ஆனேக்கல் பக்கத்திலிருந்து போனவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். மற்ற நால்வரில் மூவர் கல்லூரி மாணவர், ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். மாணவர், தொழிலாளர், விவசாயிகள் பங்கேற்றனர் என்று நாங்களே எழுதிக்கொண்டோம். இரண்டு மாதங்கள் கழித்துத் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் சந்தாபுரம் வட்டச் சாலையில் என்னை நிறுத்தினார். கோபப்படவில்லை. "எங்க பேர போட்டீங்களே தம்பி, ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். அதற்கு நான் சொன்ன மறுமொழி எனக்கு நினைவில்லை. ஏதோ முணுமுணுத்திருப்பேன்.

அண்மையில் பட்டியல் கேட்டு நண்பர்களின் செய்தி வந்தபோது முதலில் காதில் விழுந்தது அந்தக் கேள்விதான்.

நம் வழக்கத்தில் தகவல் சொல்வது வேறு, அழைப்பது வேறு. கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, தாய்மாமன் வரவில்லையே என்று குறைப்பட முடியாது. நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னால்தான் அழைப்பு. அதிலும் பங்காளிகளை நாள் குறிக்கும்போதே கூப்பிட வேண்டும், குறித்த பிறகு கூப்பிட்டால் அவர்கள் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள். ஆனேக்கல் வட்டத்து ஹுஸ்கூர் மத்தூரம்மன் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். சுற்றுப்பட்டு ஊர்கள் நூறடிக்கும் மேல் உயரமான தேர்களைத் தங்கள் ஊரிலேயே கட்டி, தங்கள் மாடுகளையும் டிராக்டர்களையும் பூட்டி, வயல்வெளி தாண்டிக் கோயிலுக்கு இழுத்து வருகின்றன. திருவிழாவுக்கு 'ஆதரவு தெரிவித்துள்ள ஊர்கள்' என்று யாரும் பட்டியல் போடுவதில்லை. தேர் வந்ததா, வரவில்லையா என்பதே கணக்கு. (2025 மார்ச்சில் காற்றும் மழையும் அடித்துத் தேர்கள் சாய்ந்து உயிர் போனதும் இதே திருவிழாவில்தான். அந்த உயரப் போட்டியை நான் மெச்சவில்லை.) 2014 செப்டம்பரில் நியூயார்க்கில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட மக்கள் காலநிலைப் பேரணியில், புயலிலும் மாசிலும் நேரே அடிபட்ட சமூகங்களையும் பூர்வகுடியினரையும் முன்வரிசையில் நடக்க வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் தத்தம் பதாகையோடு வந்தன. அங்கேயும் யாரோ பல மாதங்கள் கதவு கதவாகத் தட்டியிருக்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதே கேள்வியில் கர்நாடக உயர் நீதிமன்றமும் இறுதி அறிவிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. மொழி தெரியாதவனிடம் கருத்துக் கேட்பது கேட்காததற்குச் சமம் என்று அப்போது நாம் எல்லோரும் உரக்கப் பேசினோம். நம்முடைய அறிக்கைகளோ இன்றும் ஆங்கிலத்தில் பிறந்து, கடைசி நாளில் கன்னடமாகி, நேரம் மிஞ்சினால் தமிழும் தெலுங்கும் ஆகின்றன. ஜிகணித் தொழிற்பேட்டைக்கு ஒடியாவும் வங்காளமும் வேண்டும். 'காலநிலை நீதி' என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் கோர்ட்டு கேஸா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், அந்தக் கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

ஆனால் மொழி என்பது இங்கே பெயர்ப்பு வேலை மட்டுமாக இருந்ததில்லை. ஆடைத் தொழிலாளர் போராட்டம் நடந்த அதே 2016இல், செப்டம்பர் 12 அன்று, காவிரித் தீர்ப்பை ஒட்டி அதே ஓசூர் சாலை அடைபட்டது. பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. அத்திபெலேக்கும் (நம்மவர் வாயில் அத்திப்பள்ளி) ஜூஜூவாடிக்கும் இடையே பேருந்து இல்லாமல் பெட்டியும் பிள்ளையுமாக மக்கள் எல்லையை நடந்தே கடந்தார்கள். அந்தச் சாலையில் நான் அறிந்த நடைப்பயணங்களில் அதுவும் ஒன்று. ஏப்ரலில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் பெண்கள் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்த சாலையில், ஐந்தே மாதங்களில் மொழி பார்த்து வண்டி நிறுத்தினார்கள்.

ஆகவே, கெலவரப்பள்ளி நுரையில் நாற்று நடும் ஓசூர் விவசாயியையும் முத்தாநல்லூர் விவசாயியையும் ஒரே வரிசையில் நிறுத்துவது எனக்கு மிகவும் விருப்பமான காட்சி. மிகவும் அச்சம் தருவதும் அதுவே. கன்னட அமைப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவரிடம் இதைப் பேசியிருக்கிறேன். "வரட்டும், ஆனா காவிரியப் பேசக்கூடாது" என்றார். ஓசூர்ப் பக்கம் சொன்னபோது, "அங்க வந்து தமிழ்ல பேனர் புடிக்கலாமா, ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் ஆகிய இவர்கள் இருவரும் அருந்தும் நஞ்சு ஒன்றே. இருவருக்கும் எதிர்க்கட்சி அந்தக் கழிவை விட்டவரும் விட அனுமதித்தவருமே. இந்த வழக்கில் மொழி ஒரு கட்சியாகச் சேர்ந்துவிடக் கூடாது. அதற்குப் பேரணிக்கு முன்பே இருதரப்பும் ஓரிடத்தில் அமர்ந்து, எந்த வாசகம், எந்த மொழியில், எந்தக் கொடி வரும், எது வராது என்று பேசி முடிக்க வேண்டும். அந்த அமர்வு நடக்காமல் பேரணியின் நாளை அறிவிப்பது பொறுப்பற்ற செயல் என்றே நினைக்கிறேன். ஏதேனும் ஆகிவிட்டால் அடிபடப்போவது பல்கலைக்கழகத்துக்காரர்களாகிய நாம் அல்லோம்.

பன்னேர்கட்டாவைப் பற்றியும் நண்பர்கள் கேட்டிருந்தார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். தேசியப் பூங்காவைச் சுற்றிய சூழல் காப்பு வளையம் 2016 வரைவில் 268.96 சதுர கி.மீ. ஆக இருந்து, 2020 இறுதி அறிவிக்கையில் 168.84 ஆகக் குறைந்தது. நகரத்துச் சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், நானும் கையெழுத்திட்டேன். ஆனால் காட்டோரக் கிராமத்தில் கேழ்வரகு விதைத்துவிட்டு இரவெல்லாம் யானைக்குக் காவல் இருப்பவருக்கு அந்த வளையம் தன் நிலத்தின் மேல் விழும் இன்னொரு தடையாகவும் தெரிகிறது. கல்குவாரிக்காரரின் எதிர்ப்பையும் இவருடைய அச்சத்தையும் ஒன்றாகக் கருதி 'எதிர்ப்பாளர்' என்று எழுதிவிட்டோம். அவர்களை அழைக்கப் போவதற்கு முன்பு அதைத் திருத்த வேண்டும்.

அனுமதி பற்றி. பெங்களூரு மாநகர எல்லைக்குள் 2021 ஆணைக்குப் பின் போராட்டம் என்றால் சுதந்திரப் பூங்கா மட்டுமே. பழைய மத்தியச் சிறை இருந்த இடம் அது. ஆனேக்கல்லிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும். பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்துவிட்டது, பெண்களுக்கு 2023 முதல் அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. போய் வரலாம் என்பார்கள். போகலாம். ஆனால் சந்தாபுரம் ஏரியின் வழக்கைப் பழைய சிறைச்சாலையில் போய்ச் சொல்வானேன்? மாநகராட்சி 2023 நவம்பரில் வெளியிட்ட காலநிலைச் செயல் திட்டமும் மாநகராட்சி எல்லைக்குள் நின்றது. கழிவும் தொழிலாளரும் தண்ணீர் லாரியும் அந்தக் கோட்டை நாள்தோறும் கடக்கின்றன. ஆனேக்கல் நகரம் மாநகரக் காவல் ஆணையரகத்துக்கு வெளியே இருப்பதால் இங்கே நடப்பதற்கு மாவட்டக் காவல்துறையிடம் கேட்டுப் பார்க்கலாம். மாணவர்களின் பெற்றோர் தயங்குவார்கள். 2021 பிப்ரவரியில் பெங்களூரைச் சேர்ந்த திஷா ரவி கைதானதை யாரும் மறக்கவில்லை. பிணை கிடைத்தது என்பது பலருக்கு நினைவில்லை, காவலர் வந்தது மட்டுமே நினைவில் இருக்கிறது. காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபட்டிருப்பது அரசியல் சாசனத்தின் 14, 21 ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியிருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே, நண்பர்களே, பட்டியல் இப்போதைக்கு இல்லை. நான் செய்யத் தொடங்கியிருப்பது வேறு. 2019இல் கேட்காமல் பெயர் போட்ட பதினோர் இடங்களுக்கும் திரும்பப் போகிறேன். இதுவரை நான்கு முடிந்தது. இரண்டு இடங்களில் அந்தப் பட்டியலே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நானாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் அமைப்பே கலைந்துவிட்டது. தொழிற்சங்கத்துக்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏரிக் கழிவு பற்றிப் பேசுவதென்றால் அந்த ஆலைகளில் வேலை செய்யும் தங்கள் உறுப்பினரின் வேலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறார். எதிர்க்கட்சிக்குள்ளேயே நம் கட்சிக்காரர் கூலிக்கு இருக்கிறார் என்ற இந்தச் சிக்கலுக்கு என்னிடம் விடையில்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

முத்தாநல்லூர்ப் பெரியவர் இப்போது இல்லை. இரண்டாம் கொரோனா அலையில் போய்விட்டார் என்று தேநீர்க்கடையில் சொன்னார்கள். அவர் பேரன் இருக்கிறார். பொம்மசந்திராவில் ஒப்பந்தத் தொழிலாளி. தாத்தாவின் கேள்வியை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, ஏரியிலிருந்து எந்தப் பாதையில் நடந்தால் மதகும் கழிவு விழும் இடமும் எல்லார் கண்ணிலும் படும் என்று விரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அழைப்பிதழின் வரைவில் நாள், நேரம், இடம் என்ற மூன்று வரிகளையும் வெற்றாக விட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஹெப்பகோடிக்குப் போகிறேன். அதற்கு முன்பு வேண்டாம், துணி துவைத்துக் காயப்போடும் நேரம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். தன்னோடு வேலை செய்யும் ஆறேழு பேரைக் கூட்டி வைப்பதாகவும், அதில் இருவருக்குக் கன்னடம் மட்டுமே தெரியும் என்றும் சொன்னார். கன்னடம் படிக்கத் தெரிந்தவர் யாராவது என்னோடு வருவதானால் சந்தாபுரம் பேருந்து நிறுத்தத்தில் மூன்றரை மணிக்கு நிற்பேன்.